மில்லிங் மெஷினில் மிச்சமாகும் நிமிடங்கள்

தேவ்நாரிலிருந்து பட்டறை வேலைக்குப் போகும் நம்மவர்களில் மில்லிங் மெஷினில் நிற்போரும் உண்டு. 'சீக்கிரம் முடி' என்பதே அவர்கள் அன்றாடம் கேட்கும் பல்லவி. எப்படி முடிப்பது?

கணக்கைப் பாருங்கள். 20 மி.மீ. கட்டர், நான்கு பல். ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டரானால் மைல்ட் ஸ்டீலில் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. பல்லுக்கு 0.1 மி.மீ. வீதம் டேபிள் 160 மி.மீ. நகரும். 320 மி.மீ. வெட்ட 2 நிமிடம். கார்பைடு கட்டரானால் 1,600 சுற்று வரை ஓட்டலாம்; அதே வெட்டு அரை நிமிடம்! ஜெர்மனியின் க்ருப் கம்பெனி 1920களில் 'விடியா' என்று சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு இது. பெயருக்கு 'வைரம் போன்றது' என்று பொருள்.

ஆனால் ஜாபைப் பிடித்து, அளந்து, கழற்ற 4 நிமிடம் ஆனால், மொத்தம் ஆறிலிருந்து நாலரை நிமிடம்தான் ஆகும். ஜாபை வைத்ததும் இடத்தில் உட்காரும்படி ஒரு பிக்ஸ்சர் செய்து அந்த நாலை இரண்டாக்கினால், இரண்டரை நிமிடத்தில் ஜாப் இறங்கும்.

பழைய மெஷினில் ஆத்திரம் கூடாது. லீட் ஸ்குரூவில் ஆட்டம் இருக்கையில் ஜாபைக் கட்டர் சுழலும் திசையிலேயே செலுத்தினால் டேபிளை இழுத்துக்கொள்ளும். கார்பைடு பல் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் நிற்கவே கூடாது.

எட்டு மணி நேரத்தில் 80 ஜாப் 192 ஆகும். பீஸ் ரேட்டைப் பாதியாக்கினால் தொழிலாளிக்கு மிஞ்சுவது என்ன? உடைந்த கட்டர் யார் கணக்கில்? வேகத்தைக் கூட்டும் முன்பே இவ்விரண்டையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.