பனி கொட்டும் நாளில் பள்ளி நடந்ததாகுமா?

அமெரிக்காவில் குளிர்ப் பகுதிகளில் வளரும் பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கையான நம்பிக்கை உண்டு. மறுநாள் பனிப்புயல் வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், இரவு உடையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். தலையணைக்கு அடியில் கரண்டியை வைப்பவர்களும் உண்டு. கழிவறைத் தொட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் விடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பனி நிறையக் கொட்டி, காலையில் பள்ளிக்கு விடுமுறை கிடைக்குமாம்.

அந்த விடுமுறைக்கு ‘ஸ்னோ டே’ என்று பெயர். பள்ளிப் பேருந்து ஓட முடியுமா, நடைபாதை வழுக்குமா என்பதையெல்லாம் பார்த்து, பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பெரும்பாலும் விடியுமுன்பே முடிவெடுப்பார். பெற்றோரின் கைப்பேசிக்குத் தகவல் வரும். பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு மேட்டுக்கு ஓடுவார்கள்.

கொவிட்-19 காலத்துக்குப் பிறகு இந்த விடுமுறையே கேள்விக்குறியாகிவிட்டது. வீட்டில் மடிக்கணினி இருக்கிறது, காணொளி வகுப்பு நடத்த ஆசிரியருக்கும் தெரியும். பிறகு எதற்கு விடுமுறை என்கிறார்கள் சில பெற்றோர். அதெல்லாம் பள்ளி நடந்ததாகக் காட்டும் கணக்கு மட்டுமே என்கிறார்கள் வேறு சிலர்.

பனியே பெய்யாத சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வீட்டிலிருந்து கற்கும் நாள்கள் நம் பள்ளி வாழ்க்கையிலும் நிரந்தரமாக வந்துவிட்டன. திரைக்கு முன் கழிந்த ஒரு நாளைப் பள்ளி நாளாகக் கொள்ளலாமா என்ற கேள்வி நமக்கும் உரியதுதான்.

180 நாள் கணக்கு

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 180 பள்ளி நாள்கள், அல்லது அதற்கு ஈடான மணிநேரம், நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அந்த எண்ணிக்கை குறைந்தால், பள்ளி மாவட்டம் மாநில அரசின் நிதியுதவியில் ஒரு பகுதியை இழக்க நேரிடலாம்.

ஆகவே பனியால் போன நாளை எங்காவது ஈடுசெய்ய வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 185 நாள்களுக்கு அட்டவணை போட்டு, ஐந்து நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறார்கள். கையிருப்பு தீர்ந்தால் வசந்தகால விடுமுறையில் கைவைப்பார்கள், அல்லது ஜூன் இறுதியில் பள்ளியை நீட்டிப்பார்கள். 2014-15 குளிர்காலத்தில் பாஸ்டன் நகரில் 100 அங்குலத்துக்கும் அதிகமாகப் பனி கொட்டியது. அத்தகைய ஆண்டில் எந்தக் கையிருப்பும் போதாது.

நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அங்கே 2015ல் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றுக்கும், 2016ல் சீனப் புத்தாண்டுக்கும் பள்ளி விடுமுறை வழங்கத் தொடங்கினார்கள். தீபாவளிக்கு விடுமுறை அளிக்கும் சட்டம் 2023 நவம்பரில் கையெழுத்தானது. 2024 நவம்பர் 1ஆம் தேதி முதன்முறையாகத் தீபாவளிக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. பல இனத்தவர் வாழும் நகரத்துக்கு அது பெருமையான செய்தி. ஆனால், ஒவ்வொரு பண்டிகை விடுமுறையும் சேரச் சேர, பனிக்கென்று ஒதுக்க நாட்காட்டியில் இடம் குறைகிறது. தீபாவளியைக் கொண்டாடும் நாம் இந்தக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் மாதமா, இன்றைக்கேவா?

என் பெரியம்மா மகள் நியூஜெர்சியில் தாதியாகப் பணிபுரிகிறார். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பு, மற்றொரு பிள்ளை எட்டாம் வகுப்பு. ஜூன் கடைசியில் பாட்டியைப் பார்க்க இங்கு வருவதற்காக முன்கூட்டியே விமான டிக்கெட் எடுத்துவிடுவார்கள். பனிக்காகப் பள்ளி மூடும் ஒவ்வொரு முறையும் ஆண்டின் கடைசி நாள் தள்ளிப்போகுமோ என்று அத்தானுக்குக் கவலை வந்துவிடும். வீட்டிலேயே இணையம்வழி வகுப்பு நடத்தி அன்றைக்கே கணக்கைத் தீர்த்துவிடலாமே என்பது அவர் வாதம்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேர்வெல்லாம் முடிந்தபின், ஜூன் மாத வெயிலில், குளிர்சாதனம் இல்லாத பழைய கட்டடத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன படித்துவிடப் போகிறார்கள்? படம் பார்ப்பதிலும் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பதிலுமே அந்த நாள்கள் போய்விடும். அதற்கு, பாடம் தொடர்ந்துகொண்டிருக்கும் ஜனவரியில் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் படிப்பது மேல்.

அக்கா ஒத்துக்கொள்வதில்லை. பனி கொட்டினாலும் மருத்துவமனை மூடுவதில்லை, அவர் வேலைக்குப் போயாக வேண்டும். விடுமுறை என்றால் பக்கத்து வீட்டுப் பெண்மணி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். இணைய வகுப்பு என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்திலேயே பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். எட்டாம் வகுப்பு மகன் தானே படித்துக்கொள்வான். ஆறு வயது மகளுக்கு அது முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தாலும், பாடம் சொல்லித்தர ஆள் கிடைக்காது என்பதே அக்காவின் வாதம்.

அவர்கள் வீட்டு விவாதத்துக்கு மாநிலச் சட்டம் ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டது. நெருக்கடிநிலை போன்ற காரணத்தால் பள்ளி தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் மூடியிருந்தால்தான் நியூஜெர்சியில் இணையம்வழி வகுப்பு 180 நாள் கணக்கில் சேரும். ஓரிரு நாள் பனிக்கு அது பொருந்தாது.

மற்ற மாநிலங்களில் விதி வேறு. பென்சில்வேனியாவும் மினசோட்டாவும் ஆண்டுக்கு ஐந்து நாள் வரை அனுமதிக்கின்றன. ஒஹையோவில், பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ‘பிளிசார்ட் பேக்’ என்ற ஏற்பாடு இருந்தது. பனி நாளில் செய்ய வேண்டிய பயிற்சிகளை ஆசிரியர்கள் முன்கூட்டியே தயாரித்து வைப்பார்கள். இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை தாளில் கிடைக்கும்.

நியூயார்க்கில் ஒரு செவ்வாய்க்கிழமை

நியூஜெர்சியிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்தால் நியூயார்க் நகரம். அங்கே சுமார் 900,000 மாணவர்கள் அரசாங்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அமெரிக்காவின் ஆகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. 2024 பிப்ரவரி 13ஆம் தேதி பனிப்புயல் வரும் என்று தெரிந்ததும், பள்ளிக் கட்டடங்களை மூடி எல்லாரும் இணையம்வழி படிக்க வேண்டும் என்று நகரம் அறிவித்தது.

காலையில் பல மாணவர்களாலும் ஆசிரியர்களாலும் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. ஒரே நேரத்தில் அத்தனை பேர் நுழைய முயன்றதை, அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டமைப்பு தாங்கவில்லை. அச்சேவையை வழங்கிய ஐபிஎம் நிறுவனத்தை நகரக் கல்வித் தலைவர் வெளிப்படையாகக் குறைகூறினார். கொள்ளளவைக் கூட்டிய பிறகு நிலைமை சீரானது. ஆனால், அதற்குள் பல வீடுகளில் காலைப்பொழுது பிள்ளையும் பெற்றோரும் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டுவதில் கழிந்துவிட்டது.

இன்னொரு பிரச்சினை பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளில் 2017 முதல் எல்லா மாணவருக்கும் மதிய உணவு இலவசம். பள்ளிக் கட்டடம் மூடினால், அந்த உணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அன்றைய சாப்பாடு கேள்விக்குறி. இணைய வகுப்பால் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவை 2020 டிசம்பரில் வெஸ்ட் வர்ஜினியா மாநிலத்தின் ஜெஃபர்சன் மாவட்டம் எடுத்தது. பிள்ளைகள் அந்த ஆண்டில் ஏற்கெனவே எவ்வளவோ இழந்துவிட்டார்கள், பனி நாளையாவது விட்டுவைப்போம் என்ற பொருளில் அதன் கண்காணிப்பாளர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். இணைய வகுப்பும் கிடையாது, வெளியே போய் விளையாடுங்கள் என்று சொன்ன அந்தக் கடிதம் நாடு முழுவதும் பகிரப்பட்டது.

ஒரு நாள் போனால் படிப்புப் போய்விடுமா?

இரு தரப்பும் ஒரே அனுமானத்தில் பேசுகின்றன: பள்ளி மூடினால் படிப்பு பாதிக்கும். அது எவ்வளவு உண்மை?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பொருளியலாளர் ஜோஷுவா குட்மன், மாசசூசெட்ஸ் மாணவர்களின் 2003 முதல் 2010 வரையிலான விவரங்களை ஆராய்ந்து 2014ல் முடிவுகளை வெளியிட்டார். பனியால் பள்ளி மூடிய நாள்கள் தேர்வு மதிப்பெண்ணைப் பாதித்ததாக அவர் காணவில்லை. ஆனால், பள்ளி திறந்திருந்தும் சில மாணவர்கள் வராமல்போன நாள்கள் மதிப்பெண்ணைக் குறைத்தன.

காரணம் எளிதானது. பள்ளி மூடினால் எல்லாருக்கும் ஒரே பாடம் போகிறது. மறுநாள் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வகுப்பு முழுவதையும் ஒன்றாக இழுத்துச் செல்லலாம். பாதிப் பேர் வந்து பாதிப் பேர் வராவிட்டால், யாருக்காகப் பாடத்தைத் திரும்ப நடத்துவது?

வேறு முடிவு சொன்ன ஆய்வும் உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் பனி அதிகமாக இருந்த ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் குறைந்ததாக டேவ் மார்காட் 2008ல் காட்டினார். மாநிலத் தேர்வு வசந்தகாலத்தில் நடந்துவிடும். ஈடுசெய்யும் நாள்களோ ஜூனில் வரும். தேர்வு முடிந்தபின் கிடைக்கும் பள்ளி நாளால் மதிப்பெண் கூடப் போவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இணையம்வழிப் பள்ளி நாளைப் பற்றி குட்மன் ஆராயவில்லை, ஆகவே இது என் ஊகம். அத்தகைய நாளில், வேகமான இணையமும் தனி அறையும் அருகில் பெற்றோரும் உள்ள பிள்ளை படிக்கிறது. மற்றப் பிள்ளை திரையில் பெயரளவில் இருக்கிறது, அல்லது அதுவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து இழந்த நாள், சிலர் மட்டும் இழந்த நாளாக மாறிவிடுகிறது. ஆசிரியருக்குச் சமாளிக்கக் கடினமானது அந்த இரண்டாவது வகைதான்.

நாம் கண்டது

2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது நான் உயர்நிலை இரண்டில் இருந்தேன். என் தம்பி தொடக்கநிலை ஒன்று. நான் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் தனியே சமாளித்தேன். தம்பிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தது. எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால், திரும்புவதற்குள் அவன் வேறு பக்கத்துக்குப் போயிருப்பான். அக்கா சொல்லும் வயது வித்தியாசம் எங்கள் வரவேற்பறையிலேயே தெரிந்தது.

அந்த அனுபவத்திலிருந்து கல்வி அமைச்சு எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. 2021ஆம் ஆண்டின் மூன்றாம் தவணையிலிருந்து, உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் இரண்டு நாள் அளவில் வீட்டிலிருந்து கற்கும் நாள்கள் படிப்படியாக அறிமுகமாயின. தேதி முன்பே தெரியும். மாணவர்களிடம் கற்றல் சாதனம் இருக்கும். வீட்டில் படிக்க வசதியில்லாதவர்கள் பள்ளிக்கே வரலாம். நாமே தேர்ந்தெடுத்துப் படிப்பதற்கும் அதில் நேரம் உண்டு.

அமெரிக்கப் பனி நாளில் இவற்றில் பல இருக்காது. முடிவு முதல்நாள் இரவிலோ அன்று விடியற்காலையிலோ வருகிறது. வகுப்பில் விட்டுவந்த சாதனத்தை எடுக்க முடியாது. பள்ளிக்கு வந்து படிக்கவும் வழியில்லை, கட்டடமே மூடியிருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு.

நமக்கும் அவசர நாள்கள் வரலாம். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி, புகைமூட்டம் அபாய அளவை எட்டியதால் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்படி ஒரு நாள் மீண்டும் வந்தால் இணைய வகுப்பு நடத்தலாமா என்று என்னைக் கேட்டால், மூன்று நிபந்தனைகள் சொல்வேன்.

முதலாவது, எல்லா வயதினருக்கும் ஒரே விதி கூடாது. பதினைந்து வயது மாணவர் தனியே படிக்கலாம்; ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் போதும். இரண்டாவது, புதுப் பாடம் வேண்டாம். ஒஹையோவின் பனிப் பை போல, ஏற்கெனவே படித்ததைப் பயிற்சி செய்யும் வேலை கொடுத்தால், இணையம் அறுந்த பிள்ளை எதையும் இழக்காது. மூன்றாவது, ஓரிரு நாள் என்றால் விடுமுறையாகவே விட்டுவிடலாம். நாள்கள் நீண்டால் மட்டும் இணையத்தை நாடலாம். நியூஜெர்சி சட்டத்தின் ‘மூன்று நாளுக்கு மேல்’ என்ற வரம்பு அத்தானுக்குப் பிடிக்கவில்லை, எனக்குச் சரியாகவே படுகிறது.

பெற்றோர் விவாதிக்கிறார்கள், அதிகாரிகள் முடிவெடுக்கிறார்கள். இதில் அதிகம் கேட்கப்படாதது மாணவர்களின் குரல். அடுத்த முறை வீட்டிலிருந்து கற்கும் நாள் முடிந்ததும், அன்று நீங்கள் உண்மையில் என்ன படித்தீர்கள், எது புரியவில்லை என்று இரண்டு வரி எழுதி உங்கள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் தெரியாத விவரம் அதில் இருக்கும்.