நின்று போகும் கணினி: நோயும் பரிகாரமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் சென்ற கோடையில் ஒரு தொல்லை தோன்றிற்று. கணக்கு எழுதும் பழைய மேசைக் கணினி காலையில் செவ்வனே வேலை செய்யும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தளர்ந்து மெதுவாகும். மூன்று மணி அளவில் திடீரென்று அணைந்து போகும். கூலிப் பட்டியல் தயாரிக்கும் சனிக்கிழமைகளில் இது மிகுந்தது. பாதி எழுதிய பட்டியல் மறைந்து போகவே, கூலி வாங்க வந்த நெசவாளர்கள் விளக்கு வைக்கும் நேரம் வரை திண்ணையில் காத்திருக்க நேர்ந்தது. இயந்திரத்துக்கு ஆயுள் முடிந்ததென்று குமாஸ்தா கூறினார். புதியது வாங்குவதற்கான தீர்மானமும் எழுதப்பட்டுவிட்டது.

தீர்மானம் நிறைவேறுவதற்கு முன் அங்கத்தினர் ஒருவர், "பெட்டியை ஒரு தரம் திறந்துதான் பார்ப்போமே" என்றார். திறந்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. உள்விசிறியின் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் மேல் பஞ்சுத் தூசு கம்பளித் துண்டு போல் படிந்து, காற்று புக வழியின்றி அடைத்திருந்தது. ஒரு தூரிகையும் அரை மணி நேர உழைப்பும் போதுமானவையாயின. அந்தக் கோடை முழுவதும் இயந்திரம் மீண்டும் நிற்கவில்லை.

நின்று போகும் கணினி யாவும் இவ்வளவு எளிதில் குணமாகும் என்று சொல்வதற்கில்லை. சிலவற்றில் குற்றம் வெப்பத்தில் இராது. மின்சாரம் வழங்கும் பெட்டியில் இருக்கும். ஆனால் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும் கவனமும் இருந்தால் போதும். பிரித்தறியாமல் செலவிடும் பணம் அங்கத்தினர்களின் பங்குப் பணம் என்பதை நாம் மறத்தலாகாது.

முதலில் கணக்கு, பிறகு இயந்திரம்

நிற்கத் தொடங்கிய கணினியைப் பழுது பார்க்குமுன், அதிலுள்ள கணக்குகளுக்குப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். நூல் இருப்பு, கூலி, சேமிப்பு நிதி, கடன் பாக்கி ஆகியவை ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடப்பது அபாயம். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், பற்று எழுதப்பட்டு வரவு எழுதப்படாமல் நின்றுவிடக் கூடும். ஆதலால் காலையில் இயந்திரம் நன்றாக இருக்கும் நேரத்திலேயே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே பத்திரமாக வைப்பது நலம். இயந்திரத்தை மாற்றிக்கொள்ளலாம், பத்தாண்டுக் கணக்கை மாற்றிக்கொள்ள முடியாது.

வெப்பம் பிறக்கும் இடம்

கணினியின் மூளையாகிய பிராசசர் உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 1993-ஆம் ஆண்டில் வந்த முதல் பென்டியம் பிராசசருக்குச் சுமார் 15 வாட் போதுமாயிருந்தது. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகளுள் சில 100 வாட்டுக்கு மேல் உண்டன. தீப்பெட்டி அளவே உள்ள இடத்தில் ஒரு பெரிய குண்டு விளக்கின் வெப்பம் பிறக்கிறது என்று கொள்ளலாம். அதை அலுமினியத் தகடுகள் வாங்கிப் பரப்புகின்றன. விசிறி அதை வெளியே தள்ளுகிறது. பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசப்பட்ட ஒரு களிம்பு, இடைவெளி இன்றி வெப்பத்தைக் கடத்துகிறது.

இம்மூன்றுமே பழைய இயந்திரங்களில் கெடுகின்றன. தகடுகளைத் தூசு அடைக்கிறது. விசிறியின் எண்ணெய் வற்றிச் சுற்று குறைகிறது. களிம்பு காய்ந்து சுண்ணாம்பாகிறது. வெப்பம் எல்லையை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; பிற்பகலில் இயந்திரம் தளர்வதன் காரணம் இதுவே. எல்லையைக் கடந்தால், தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரம் அணைந்துவிடும். அணைவது நோயன்று, நோயின் அறிவிப்பு.

தறிக்கூடத்தை அடுத்த அலுவலகங்களில் காற்றிலே பஞ்சு மிதப்பதால் இத்தொல்லை மற்ற இடங்களைவிட விரைவில் வரும். விவசாயச் சங்கங்களில் உரமும் தானியத் தூசும் அதே வேலையைச் செய்கின்றன.

இரு நோய்களைப் பிரித்தறிதல்

காலத்தைக் கவனிப்பதே முதற் சோதனை. காலையில் நலமாயிருந்து, ஓடி ஓடிச் சூடேறிய பின் நிற்கும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் வெப்ப நோய். உடனே மறுபடி போட்டால் முன்னிலும் விரைவில் நிற்கும். அரை மணி ஆறவிட்டால் மீண்டும் வெகுநேரம் ஓடும்.

மின்சாரப் பெட்டி கெட்ட இயந்திரமோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதுண்டு. காலையில் குளிர்ந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் எழாது. நான்கைந்து முறை அழுத்திய பின் எழும். சூடேறிய பிறகு நாள் முழுதும் ஓடும். அப்பெட்டியினுள் இருக்கும் கபாசிட்டர்கள் வயதாகி உலர்ந்துபோனால், குளிரில் அவற்றின் திறன் மேலும் குறைவதே காரணம். வேகம் குறையாமலே சட்டென்று அணைவதும், தானே அணைந்து தானே எழுவதும், கருகல் வாடை வீசுவதும் பெரும்பாலும் மின்சாரப் பெட்டியைக் குறித்த அறிகுறிகளே.

இரண்டாம் சோதனைக்குச் செலவே இல்லை. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, மேசை விசிறியின் காற்று உள்ளே படும்படி வைத்து ஒரு பிற்பகல் வேலை செய்து பாருங்கள். நிற்காமல் ஓடினால் குற்றம் வெப்பத்தில் உள்ளது. அப்போதும் நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சோதனையாக மட்டும் கொள்ள வேண்டும். மூடியைத் திறந்தே வைத்துவிட்டால் பஞ்சுக்கு வாசலைத் திறந்து வைத்ததாகும்.

மூன்றாவதாக, இயந்திரம் எழும்போது டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் பல கணினிகளில் பயாஸ் என்னும் திரை வரும். அதில் வெப்ப அளவும் விசிறியின் சுற்றும் காட்டப்படும். வேலை ஏதும் செய்யாதபோதே வெப்பம் 70 டிகிரியைத் தாண்டி நின்றால் உள்ளே கவனிக்க வேண்டியது உண்டு.

தூசு நீக்கும் முறை

இயந்திரத்தை அணைத்து, மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பின் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் உள்ளே எஞ்சிய மின்சாரத்தின் பெரும் பகுதி வடிந்துவிடும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினால், உடலில் தேங்கும் நிலை மின்சாரம் சில்லுகளைத் தாக்காது.

பெட்டியை வெளியே, அலுவலகத்துக்கும் தறிகளுக்கும் தூரமாகக் கொண்டுபோய், மெல்லிய உலர்ந்த தூரிகையாலும் ப்ளோயராலும் தூசை நீக்குங்கள். காற்று அடிக்கும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காமல் சுழன்றால் அச்சு கெடும். ஈரத்துணி கூடாது. மின்சாரப் பெட்டியின் துளைகள் வழியாகவும் வெளியிலிருந்தே காற்றடியுங்கள்.

இவ்வளவு செய்தும் வெப்பம் குறையாவிட்டால் களிம்பை மாற்ற வேண்டும். கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கிடைக்கும். தகட்டைக் கழற்றுமுன் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நன்று. காய்ந்த களிம்பு இளகாமல் இழுத்தால், சில பழைய வகைகளில் பிராசசரே தகட்டோடு பெயர்ந்து வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடும். பழைய களிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதியதில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். மிகுதியாகப் பூசினால் பயன் மிகுவதில்லை.

மின்சாரப் பெட்டி

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் வழங்கும் இரும்புப் பெட்டி. 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். முறைப்படி, இந்த அளவுகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. பாவு நூலின் விறைப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் துணி சீராக வரும். அதைப் போன்றதே இதுவும்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை அளக்கலாம். இயந்திரம் ஓடும்போதே, உள்ளே உபயோகமின்றித் தொங்கும் நான்கு துளை இணைப்பு ஒன்றில் கறுப்புக் கம்பியை ஆதாரமாகக் கொண்டு பாருங்கள். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையிலும் இருக்க வேண்டும். வேலை மிகும்போது மஞ்சள் கம்பியின் அளவு 11.4-க்குக் கீழ் இறங்குமானால் பெட்டி தளர்ந்துவிட்டது. மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி எச்சரிக்கை வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள் உள்ள கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்கும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது உடனே போய்விடாது. கெட்ட பெட்டியை முழுதாக மாற்றுவதே அறிவுடைமை.

வாங்கும்போது மேலே எழுதியுள்ள மொத்த வாட்டை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 10 ஆம்பியர் எனில் அவ்வரிசையில் 120 வாட்டே கிடைக்கும்; 450 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதால் அது கூடிவிடாது. சில பெரிய நிறுவனங்களின் பழைய இயந்திரங்களில் இணைப்புகளின் கம்பி வரிசை பொது முறைக்கு மாறானது; ஆதலால் பழைய பெட்டியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நலம். பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிவப்பு நகர்த்தி ஒன்று இருக்கும். அது நம் நாட்டில் எப்போதும் 230-இலேயே இருக்க வேண்டும். தவறி 115-இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் பெட்டி அந்தக் கணமே வெடித்துக் கெடும்.

வெப்பமும் மின்சாரமும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினாலும், ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும். பழைய அமைப்பில் உள்ளே சூடான காற்று மின்சாரப் பெட்டியின் வழியாகவே வெளியேறுகிறது. 10 டிகிரி வெப்பம் கூடினால் கபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. இன்று தூசு துடைக்காதவர் நாளை எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டியவராவார்.

இன்னொரு செய்தி. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகெங்கும் விற்ற கணினிகள் பலவற்றில் தரங்குறைந்த கபாசிட்டர்கள் பொருத்தப்பட்டிருந்தன. அக்காலத்து இயந்திரமாயின், மதர்போர்டில் பிராசசரின் அருகே நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். மேற்புறம் உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால், வெப்பமும் மின்சாரப் பெட்டியும் சரியாயிருந்தும் இயந்திரம் நிற்கும். அதைக் கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டும்.

சுவரிலிருந்து வருவது

வோல்ட் குறைந்தால் பம்பு செட்டு மோட்டார் சூடேறிக் கருகும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததே. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் அப்படியே, வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறுகிறது. அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் அலுவலகத்தின் வோல்ட்டை அளந்து, 180-ஐ நெருங்குமானால் அதற்குத் தக்க யு.பி.எஸ். வைக்க வேண்டும். அதன் பாட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்பதையும், லேசர் பிரிண்டரை அதில் இணைக்கலாகாது என்பதையும் நினைவிற் கொள்க. எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று மின் பணியாளரைக் கொண்டு சோதிப்பதும் இன்றியமையாதது.

இயந்திரம் நிற்காமல், தேதி மட்டும் நாள்தோறும் பின்னுக்குப் போனால் அஞ்ச வேண்டாம். மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 என்னும் காசு வடிவப் பாட்டரியை மாற்றினால் போதும். ஆயினும் தாமதிக்கலாகாது, தேதி தவறினால் வட்டிக் கணக்கும் தவறும்.

எதுவரை காப்பது

பழையதென்பதால் எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டுமென்று சொல்லவில்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்குப் பொது உதவி 2025 அக்டோபரிலும் நின்றன. ஆதலால் அத்தகைய பழைய இயந்திரத்தை இணையத்தில் சேர்க்காமல், கணக்குக்கும் அச்சுக்கும் மட்டும் பயன்படுத்துவது தக்கது. மதர்போர்டே கெட்டுவிட்டால் அதற்குமேல் செலவிடுவது வீண். அப்போது பழைய பெட்டியைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவுக்கெனப் பதிவு பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். அதில் அங்கத்தினர்களின் கணக்கு இருக்கிறது.

அடுத்தடுத்த ஊர்ச் சங்கங்கள் நான்கு சேர்ந்து ஒரு மல்டிமீட்டரும், சோதித்தறிந்த ஓர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் பொதுவில் வைத்துக்கொண்டால், சந்தேகம் வந்த இடத்தில் மாற்றிப் பொருத்தி ஒரே நாளில் உண்மையை அறியலாம். ஒவ்வொரு சங்கமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசு நீக்கி, அந்தத் தேதியை ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமை மாலைக்குள் நெசவாளர் கைக்குச் சேர அந்தச் சிறு நோட்டு துணை செய்யும்.