தொய்வு, கரப்பான், உணவு ஒவ்வாமை: ஒரே வீட்டில் ஏன்?

பலாலி வீதியில் உரும்பிராய்ச் சந்தியில் இறங்கிச் செம்மண் ஒழுங்கையால் சிறிது தூரம் நடந்தால் என் பள்ளித் தோழியின் வீடு வரும். வெங்காயத் தோட்டமும் வாழைகளும் சூழ்ந்த வீடு. நெடுநாளைக்குப் பின் அங்கு போயிருந்தபோது தேநீரோடு மூன்று கிளினிக் கொப்பிகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்குத் தொய்வு. மூத்தவளுக்குக் கரப்பான். சின்னவனுக்கு முட்டை வாயிலை பட்டாலே முகம் வீங்குது. மூண்டு பேருக்கும் மூண்டு வருத்தம். ஆரிட்டைச் சொல்லி அழ?"

அவளுடைய மாமியார் குசினி வாசலில் நின்றபடி தம் பங்கிற்குச் சொன்னார். "கத்தரிக்காய், கணவாய், இறால், நண்டு, தக்காளி எல்லாம் கிரந்தி, பிள்ளை. நான் பேத்திக்கு ஒண்டும் குடுக்க விடுறேல்லை."

ஒன்பது வயதுப் பேத்தி சோறும் பருப்பும் தின்று மெலிந்துபோயிருந்தாள். அப்படியிருந்தும் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொறிந்த புண்கள் ஆறாமலே இருந்தன.

மூன்று கொப்பிகளும் மூன்று வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு இடங்களில் காட்டப்படுபவை. மூன்றையும் ஒருவர் ஒருசேரப் பார்த்ததே இல்லை. சகோதரிகளே, நம்மில் எத்தனையோ வீடுகளிலும் இதே கதைதான். உம்மாவுக்கு முட்டு, பிள்ளைக்குச் சொறி, மாமாவுக்குக் காலையில் எழுந்தால் இருபது தும்மல். தனித்தனி வருத்தங்கள் என்றே எண்ணிக் கொள்கிறோம். உண்மையில் இவை ஒரு மரத்தின் கிளைகள்.

பூ மணத்தால் சளி பிடிக்கும் விந்தையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கவனித்து எழுதியவர் நம் மருத்துவ மேதை அர்ராஸி. அறிஞர் அபூ ஸைத் அல்பல்கிக்கு இளவேனிற் காலத்தில் ரோஜா மணத்தால் மூக்கு ஒழுகுவது ஏன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். காரணம் தெரிய 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1921இல் ஜெர்மனியில் கார்ல் பிரவுஸ்னிற்ஸ் என்ற வைத்தியர், மீன் ஒத்துக்கொள்ளாத தம் சகா ஹைன்ஸ் கூஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே தடித்து அரித்தது. ஆக, ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோவொன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஐ.ஜி.ஈ. என்னும் அந்தப் பொருளை 1966இல் இனங்கண்டவர்களில் இஷிஸாக்கா என்னும் ஜப்பானியக் கணவன் மனைவியர் முக்கியமானவர்கள்.

1923இல் அமெரிக்காவில் கோக்கா, குக் என்ற இருவர், தொய்வும் தூசுத் தும்மலும் குடும்பங்களில் வழிவழியாக வருவதைக் கண்டு அதற்கு 'அற்றோப்பி' என்று பெயரிட்டனர். பத்து ஆண்டுகள் கழித்துக் கரப்பானும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது நோயல்ல, நோய்க்கான தன்மை. ஆகவேதான் தோழிக்குத் தொய்வாக வந்தது மகளுக்குக் கரப்பானாகவும் மகனுக்கு முட்டை ஒவ்வாமையாகவும் வந்திருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். இருவருக்கும் இருந்தால் மேலும் கூடும். கட்டாயம் வரும் என்பதல்ல. "உன் குடும்பத்து வருத்தம்தான் பிள்ளைக்கு வந்திருக்கிறது" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்மாருக்கு ஒரு செய்தி: தகப்பன் வழியாலும் அது தாராளமாக வரும்.

ஒரே பிள்ளையிடமும் இந்த வருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுண்டு. பிறந்த சில மாதங்களில் கன்னத்தில் கரப்பான். முதல் வயதில் முட்டை, பால் ஒவ்வாமை. பள்ளி வயதில் தொய்வு, தும்மல். எல்லாப் பிள்ளைகளும் இந்த வழியே போவதில்லை. ஆனால் கரப்பான் எவ்வளவு இளமையில், எவ்வளவு கடுமையாக வருகிறதோ, அவ்வளவுக்கு மற்றவை தொடரும் ஆபத்தும் அதிகம்.

தோலில் தொடங்குவது ஏன்? தோல் ஒரு மதில். 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் இர்வின் மக்லீன் குழுவினர், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் 'ஃபிலாகிரின்' என்ற புரதத்தின் மரபணுவில் குறையிருப்பவர்களுக்குக் கரப்பானும் அதனோடு சேர்ந்த தொய்வும் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டனர். மதிலில் வெடிப்பு விழுந்தால் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ளவை உள்ளே புகும். வயிற்றின் வழியாக வரும் உணவை விருந்தாளியாக ஏற்கப் பழகும் உடல், வெடித்த தோல் வழியாக நுழையும் அதே உணவைத் திருடனாகக் கருதிவிடுகிறது. லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் கிடியன் லாக் இக்கருத்தை முன்வைத்தவர். நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைக் குழந்தைக்குப் பூசியதற்கும் பின்னாளில் வரும் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதை 2003இல் அவரது குழுவினரே எடுத்துக்காட்டினர். கரப்பான் உள்ள குழந்தையின் புண்ணில் கடலை எண்ணெயோ கடலை மாவோ தேய்க்காதிருப்பது நல்லது.

அப்படியானால் அந்த உணவுகளை ஊட்டாமலே இருந்துவிட்டால்? அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமே 2000இல் ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கடலை கொடுக்காதீர்கள் என்றது. 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் வெளிவந்த லாக்கின் ஆய்வில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்குச் சிறுவயதிலேயே கடலை உணவு கொடுக்கப்பட்டது. மறு பாதியினருக்குத் தவிர்க்கப்பட்டது. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்திருந்தது. உண்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே வந்திருந்தது. 2017இல் ஜப்பானில், கரப்பானுக்கு ஒழுங்காக மருந்து பூசிக்கொண்டே ஆறாம் மாதத்திலிருந்து வேகவைத்த முட்டையைச் சிறிதளவு கொடுத்தபோதும் முட்டை ஒவ்வாமை பெருமளவு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே முகம் வீங்கிய பிள்ளைக்கு முட்டையைத் தீத்திவிடாதீர்கள். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலை சிறு பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும். அரைத்தே கொடுக்க வேண்டும்.

இனி மாமியாரின் கிரந்திப் பட்டியலுக்கு வருவோம். பாட்டிமார் சொல்வதெல்லாம் பொய்யல்ல. இறாலும் நண்டும் கணவாயும் உண்மையிலேயே ஒவ்வாமை தருபவைதாம், ஆனால் சிலருக்கு மட்டும். பேத்தி இறால் தின்று தடித்ததாக யாருக்கும் நினைவில்லை. கரப்பான் இருப்பதால் பட்டியல் முழுவதும் தடை! உணவு ஒவ்வாமை கரப்பானுக்குத் தோழியாக வருவதுண்டு; பெரும்பாலும் அதுவே காரணம் அல்ல. காரணமின்றி உணவுகளை நிறுத்தினால் பிள்ளை மெலியும். அது மட்டுமல்ல, முன்பு ஒத்துக்கொண்ட உணவையே நீண்டநாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது கடும் ஒவ்வாமை தோன்றியதும் உண்டு. பேத்திக்கு வேண்டியது பட்டினியல்ல, பூச்சு மருந்து. குளித்து ஈரம் காயுமுன் ஈரப்பசை தரும் களிம்பை நிறையப் பூச வேண்டும். சிவந்து அரிக்கும் நாட்களில் வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் களிம்பைச் சொன்னபடி பூச வேண்டும். 'ஸ்டீரொயிட்' என்ற சொல்லுக்கே பயந்து குழாயை அலுமாரியில் ஒளித்து வைக்கும் தாய்மார் அநேகர்.

உண்மையான உணவு ஒவ்வாமைக்கு ஓர் அடையாளம் நேரம். உண்டு சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். ஒவ்வொரு தடவையும் அதே உணவுக்கு அப்படி வரும். இதற்கு ஒரு விலக்கு, உண்ணி கடித்தபின் உண்டாகும் ஒருவகை இறைச்சி ஒவ்வாமை. அது மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே காட்டும்.

இறைச்சி என்றதும் நம் வீடுகள் காது கொடுக்க வேண்டும். மேல்நாட்டில் கடலையைப் பற்றியே பேசுகிறார்கள். நம் இலங்கையில் கடும் ஒவ்வாமைக்கு மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் கூடக் காரணமாகின்றன. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வைத்தியர் ரஜீவ டி சில்வா இதுபற்றி ஆராய்ந்து எழுதியுள்ளார். தடுப்பூசி போட்டதும் ஒவ்வாமை கண்ட சில பிள்ளைகளின் இரத்தத்தில் மாட்டின் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருந்ததை அவரும் சகாக்களும் 2017இல் வெளியிட்டனர். இதற்காகத் தடுப்பூசியை நிறுத்துவது பெரும் தவறு. பிள்ளைக்கு மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாது என்பதை ஊசிக்கு முன் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டால் தக்க ஏற்பாட்டோடு போடுவார்கள்.

நோன்புக் கஞ்சியில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. வட்டிலப்பத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் கஜுவும். உரும்பிராய் வீட்டு ஒடியற்கூழிலோ மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாம் ஒரே பானையில். இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கூழைக் கொடுப்பதால் பயனில்லை. சாறு முழுவதும் கலந்துவிட்டது. பெருநாளன்று வட்டிலப்பம் கொடுத்தனுப்பும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

தொய்வுக்காரருக்குப் புகை எதிரி. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவதை நம் மூத்தவர்கள் அன்போடு செய்கிறார்கள். முட்டுள்ள பிள்ளைக்கு அந்த அன்பு வேண்டாம். நுளம்புச் சுருள், விறகடுப்பு, வாப்பாவின் சிகரெட், தோட்டப் பக்கத்தில் புகையிலைக்குப் புகை போடும் குடில் எல்லாம் ஒரே கணக்கில்தான். அடுத்தது இன்ஹேலர். நீல நிறப் பம்ப் மூச்சு முட்டும்போது நிவாரணம் தருவது. மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணித்து முட்டு வராமல் காப்பது தினமும் எடுக்கும் மற்றது. சுகமாயிருக்கிறது என்று அதை நிறுத்திவிடுவதே நாம் விடும் பெரும்பிழை. காலை மாலை எடுப்பதை ரமழானில் ஸஹர் நேரத்திலும் இஃப்தாரிலும் எடுக்கலாம். பகலில் முட்டு வந்துவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்குப் பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது.

மூன்று கொப்பிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்: உணவு ஒவ்வாமை உள்ளவருக்குக் கட்டுப்படாத தொய்வும் இருந்தால், ஒத்துக்கொள்ளாத உணவு உயிராபத்தாக மாறும் வாய்ப்பு அதிகம். உண்டபின் மூச்சுத் திணறல், குரல் அடைத்தல், மயக்கம் வந்தால் பம்பையும் அரிப்பு மாத்திரையையும் மட்டும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் சாய்த்து இருத்தி, நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரீனலின் ஊசி.

அன்று தோழியும் நானும் ஒரு தாளில் மூவருடைய பெயரையும், எந்த வயதில் எது தொடங்கியது, எதைத் தின்றபோது எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதினோம். சின்னவனைப் பரிசோதிக்கும்போது அந்தத் தாளையும் மூன்று கொப்பிகளையும் வைத்தியர் முன் வைப்பதாகச் சொன்னாள். முட்டை, பால் ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். எப்போது விலகியது என்பதை வைத்தியசாலையில் வைத்தே பார்க்க வேண்டும்.

நான் புறப்படும்போது மாமியார் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ரை ஐயாவுக்கும் மாரி காலத்திலை முட்டு வாறது. தம்பிக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. அதையும் எழுது பிள்ளை," என்றார்.