ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக் (இசைத்தொகுப்பு)

ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக் என்பது சித்தார் கலைஞர் ஆனந்த சங்கரின் (1942–1999) இசைத்தொகுப்பு ஆகும். இது 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்துஸ்தானி இசைக்கருவியான சித்தாரை ஜாஸ்-ஃபங்க் என்னும் அமெரிக்க இசை வகையுடன் இணைத்த இத்தொகுப்பு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு லண்டன் நடன அரங்குகளின் வழியாகவே பரவலான பன்னாட்டுக் கவனம் பெற்றது.

பின்னணி

ஆனந்த சங்கர், நடனக் கலைஞர்களான உதய் சங்கர், அமலா சங்கர் ஆகியோரின் மகன். இவர்கள் இருவரும் நடித்த கல்பனா (1948) திரைப்படம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் படமாக்கப்பட்டது. புகழ்பெற்ற ரவி சங்கர் இவருக்குச் சிற்றப்பா. ஆயினும் ஆனந்த சங்கர் சித்தார் பயின்றது காசியில், லால்மணி மிஸ்ராவிடம்.

1960களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் சென்ற இவர், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உள்ளிட்ட ராக் கலைஞர்களுடன் சேர்ந்து வாசித்தார். ரிப்ரைஸ் நிறுவனம் 1970இல் வெளியிட்ட இவரது முதல் தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ், டோர்ஸ் குழுக்களின் பாடல்கள் சித்தாரில் வாசிக்கப்பட்டிருந்தன. பின்னர் இந்தியா திரும்பி, மிருணாள் சென் இயக்கிய கோரஸ் (1974) படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்றார்.

இசை அமைப்பு

ஃபங்க் இசையில் மெட்டைவிடத் தாளமே முதன்மையானது. பேஸ் கிதார் ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி அழுத்தமாக விழும். அந்த அடித்தளத்தின் மேல் ஜாஸ் கலைஞர்கள் கற்பனையாக வாசிப்பதே ஜாஸ்-ஃபங்க். ஹெர்பி ஹான்காக்கின் ஹெட் ஹன்டர்ஸ் (1973) இவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

தாளச் சுற்று முடிந்து சமத்தில் வந்து சேரும் முறை இந்திய இசைக்குப் புதிதன்று. எனவே இரண்டும் இயல்பாகவே பொருந்தின. சித்தார், தபலா, மிருதங்கம் ஆகியவற்றுடன் மின்கிதார், டிரம்ஸ், மூக் சிந்தசைசர் ஆகியவையும் இத்தொகுப்பில் ஒலிக்கின்றன. 1960களின் மேற்கத்திய ராக் பாடல்கள் பலவற்றில் சித்தார் ஓர் அலங்காரமாகவே பயன்பட்டது. இங்கோ மெட்டை நடத்திச் செல்வது சித்தார். அதனோடு உரையாடுவது தாளக் கருவிகள். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா, டான்சிங் டிரம்ஸ் ஆகிய இரண்டும் இதற்குச் சிறந்த சான்றுகள்.

வரவேற்பு

இத்தொகுப்பு நெடுங்காலம் மறுவெளியீடு காணவில்லை. பழைய இசைத்தட்டுகளில் தாளம் மிகுந்த பகுதிகளைத் தேடி எடுத்து, நடன அரங்குகளில் ஒலிக்கவிடும் டி.ஜே.க்களே அதற்குப் புதிய கேட்போரைத் தேடித் தந்தனர். புளூ நோட் நிறுவனம் 1996இல் வெளியிட்ட புளூ ஜூஸ் என்னும் தொகுப்பில் மேற்கண்ட இரு பாடல்களும் இடம்பெற்றன.

அக்காலத்தில் பிரித்தானியாவில் தெற்காசிய வழிவந்த இளைஞர்கள், தங்கள் வீட்டில் கேட்ட இசையையும் வெளியே கேட்ட மின்னணு இசையையும் சேர்த்துப் புதிய இசையை உருவாக்கி வந்தனர். அவர்களுக்கு இத்தொகுப்பு ஒரு முன்னோடியாகத் தோன்றியது. அவர்களுள் ஒருவரான ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற டி.ஜே., ஆனந்த சங்கருடன் இணைந்து பிரித்தானியாவில் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய வாக்கிங் ஆன் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைக் காண ஆனந்த சங்கர் இல்லை. 1999 மார்ச்சில் கொல்கத்தாவில் காலமானார். 1975ஆம் ஆண்டுத் தொகுப்பு 2005இல் குறுவட்டாக மீண்டும் வெளியிடப்பட்டது.