வாய் திறக்காத வீரர்

கனடா நாட்டு ஜார்ஜ் டுப்ரே, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவாளியாகப் பிரான்சுக்குள் ஊடுருவியதாக மேடைக்கு மேடை சொல்லி வந்தார். ஒரு கிராமத்தில் புத்தி சுவாதீனமற்றவராக நடித்தாராம். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ சித்திரவதை செய்தும் வாய் திறக்கவில்லையாம்! புகழ்பெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸ் அப்படியே நம்பி, 1953-இல் அதை நூலாக்கினார்.

கால்கரி ஹெரால்டு நிருபர் டக் காலின்ஸ் மட்டும் நம்பவில்லை. போர்க்கைதியாக இருந்து தப்பியவர் அவர். டுப்ரேயைச் சந்தித்து, உளவுத்துறை அதிகாரிகளின் பெயர்கள் என்று சிலவற்றைச் சொன்னார். தெரியுமே என்றார் டுப்ரே. அத்தனையும் காலின்ஸ் கற்பனையாக உருவாக்கிய பெயர்கள்! டுப்ரே பொய்யை ஒப்புக்கொண்டார். போர்க்காலத்தில் அவர் பிரான்சில் கால் வைத்ததே இல்லை. பதிப்பகமான ரேண்டம் ஹவுஸ் அந்த நூலைப் புனைகதை வரிசைக்கு மாற்றியது.

இத்தகைய பொய்கள் உண்மைத் தியாகிகளுக்குரிய மரியாதையைத் திருடுகின்றன. இந்தியத் தந்தைக்குப் பிறந்த நூர் இனாயத் கான், பிரான்சில் பிரிட்டனின் ரகசிய வயர்லெஸ் இயக்குபவராகப் பணியாற்றிப் பிடிபட்டவர். 1944 செப்டம்பரில் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். படிக்க வேண்டியது அவருடைய வரலாற்றைத்தான், நேயர்களே.