புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் ஊருக்கு வருபவர்

சாப்ட்வேர் வேலை என்றால் புரோகிராம் எழுதுவது மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அங்கே யூசர் ரிசர்ச்சர் என்று ஒருவர் இருக்கிறார். தமிழில் பயனர் ஆய்வாளர் எனலாம். சாப்ட்வேரை யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களிடம் நேரில் போய், அந்த வேலையை இப்போ எப்படிச் செய்யறாங்க என்று கவனித்து, புரோகிராம் எழுதுபவருக்குச் சொல்வதுதான் இவர் வேலை.

இதுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு. தபன் பாரிக் என்பவர் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, இங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழி தேடினார். நோட்டை மூட்டை கட்டிட்டு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெண்கள் நம்புவது பேப்பரைத்தான். கையெழுத்து, கைரேகை எல்லாம் அதில்தானே இருக்கு? இன்னொன்று, எழுத்து படிக்க வராதவர்களுக்கும் எண்கள் தெரிந்திருந்தது. அதனால் பேப்பரை அப்படியே விட்டுவிட்டார். அதிலே ஒரு குறி அச்சடித்து (கடையில் பணம் கட்ட ஸ்கேன் பண்றோமே, அந்த மாதிரி) கேமரா போனால் படம் எடுத்தால், என்ன போடணும் என்று போன் தமிழில் பேசும். எண்ணை அழுத்தினால் முடிந்தது. இந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது.

எங்க அம்மாவும் குழுவில் இருக்காங்க. வட்டிக் கணக்கை வாயாலேயே சொல்லிடுவாங்க. ஆனா பேங்க் மெசேஜ் இங்கிலீஷில் வருவதால் என்னைத்தான் கூப்பிடணும். கடன் பாக்கி எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிவது அவங்களுக்குப் பிடிக்காது. அந்த மெசேஜும் பேசினால் என்னைக் கூப்பிடவே வேண்டாம்.

பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திராணி மேதி என்பவர், வீட்டு வேலை தேடும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத சாப்ட்வேர் செய்தார். எல்லாம் படமும் குரலும்தான். வெறும் பொருளை வரைந்தபோது அதைப் பொருளாகத்தான் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் கொட்டுவது போல வரைந்ததும் அது ஒரு வேலை என்று புரிந்தது.

சரி, "நல்லா இருக்கா?" என்று நேராகவே கேட்டால் என்ன? அங்கேதான் சிக்கல்! நம்ம ஜனங்க வந்தவங்க மனசு நோகும்படி பேச மாட்டாங்க. 2012-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் பெங்களூரில் 450 பேரிடம் ஒரே மாதிரியான இரண்டைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். கேட்டவரே செய்தது என்று நினைத்ததை இரண்டரை மடங்கு பேர் நல்லது என்றார்களாம். கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் 5 மடங்கு! அதனால் நல்ல ஆய்வாளர் அதிகம் கேட்க மாட்டார். போனைக் கையில் கொடுத்துவிட்டு, விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டுமல்ல, உளவியல், சமூகவியல் படித்தவர்களும் போகிறார்கள். நம்ம மலைக்கு யாராவது வந்தால் முதலில் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அம்மா டீ போட்டுக் கொடுப்பாங்க. ஆனா போன் நல்லா இருக்குன்னு அவங்க சொன்னா நம்ப வேண்டாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி, அமிர்தி