மிகைச் சவ்வூடழுத்தமும் நொய்யல் நிலமும்: ஒரு கலைச்சொல் விளக்கம்

முன்னுரை

கொங்குநாட்டு வழக்கில் நீர் இருவகைப்படும்: ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’. உப்புத் தண்ணீர் தொடர்ந்து பாய்ந்த நிலத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடுவதுண்டு. ஈரம் இருந்தும் வேருக்கு நீர் கிட்டாத இந்நிலையை அறிவியல் ‘மிகைச் சவ்வூடழுத்தம்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்குகிறது. அக்கருத்தைத் தமிழ்க் கலைச்சொற்கள் எந்த அளவிற்குத் துல்லியமாக உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சவ்வூடு பரவலும் ‘செறிவு’ என்னும் சொல்லும்

சவ்வு + ஊடு + பரவல் என்னும் தொடர் நிகழ்வின் வழியைச் சுட்டுகிறது; பரவுவது எது, எத்திசையில் என்பவற்றைச் சுட்டவில்லை. இக்குறையை நிரப்பச் ‘செறிவு’ என்னும் சொல் கையாளப்படுகிறது. ‘செறிவு மிக்க பகுதியிலிருந்து குறைந்த பகுதிக்கு’ என்று மட்டும் கூறினால் மயக்கம் தோன்றும். நீர், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கே நிகரமாகச் செல்கிறது. எனவே எதன் செறிவு என்பதை வெளிப்படையாகக் கூறுதல் இன்றியமையாதது.

இந்நகர்வைத் தடுக்கத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடழுத்தம். ஃபெஃபர் 1877இல் வெளியிட்ட அளவீடுகளும், அவற்றை அடியொற்றி வாண்ட் ஹாஃப் வகுத்த கோட்பாடும் இதனைக் கணக்கிட வழிவகுத்தன. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வாண்ட் ஹாஃபுக்கு வழங்கப்பட்டது.

வேரின் அருகே நிகழ்வது

ஒரு லிட்டர் நீரில் 5.85 கிராம் சோடியம் குளோரைடு கரைந்திருப்பதாகக் கொள்வோம். 25 பாகை செல்சியசில் அதன் சவ்வூடழுத்தம், கோட்பாட்டளவில், ஏறத்தாழ 4.9 வளிமண்டல அழுத்தம் ஆகும். வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு மண்ணிலேயே தங்குகிறது. நீரின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் அழுத்தம் 14.7ஆக உயரும். பயிர் மீளாது வாடும் எல்லையாக மண்ணியலார் பொதுவாகக் கொள்ளும் 15 பார் அளவை இது நெருங்குகிறது. ஈரம் எஞ்சியிருந்தும் பயிர் வாடுவதன் காரணம் இதுவே. செல்லளவில், நீரை இழந்த உயிர்மம் செல்சுவரிலிருந்து விலகிச் சுருங்குகிறது.

நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு நீரின் தேக்கமாக மாறியது. பருத்தித் துணிக்குச் சாயமேற்றச் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் பெருமளவில் தேவைப்படுகின்றன. சாயம் துணியில் பற்றும். உப்போ பெரும்பாலும் கழிவுநீருடன் வெளியேறும். கழிவுநீர் முற்றிலும் வெளியேறா நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. இதற்குத் தீர்வாகக் கைக்கொள்ளப்பட்ட எதிர்ச் சவ்வூடு பரவலும் இதே விதியைச் சார்ந்ததே. சவ்வூடழுத்தத்தை விஞ்சும் அழுத்தத்தைக் கழிவுநீரின்மீது செலுத்தினால், நீர் சவ்வைக் கடந்து உப்பிலிருந்து பிரிகிறது.

இரு கருத்துகள், இரு சொற்கள்

ஹைப்பராஸ்மோட்டிக், ஹைப்பர்டானிக் ஆகிய இரண்டையும் ‘உயர்செறிவுக் கரைசல்’ என ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது. முன்னது இரு கரைசல்களின் ஒப்பீடு; பின்னது செல்லின்மீதான விளைவு. குருதிச் சிவப்பணுவை மிகைச் சவ்வூடழுத்தமுள்ள தூய யூரியாக் கரைசலில் இட்டால், யூரியா சவ்வைக் கடந்து உட்புகும். நீரும் தொடர்ந்து புக, அணு முடிவில் வெடிக்கும். ஆகவே மிகைச் சவ்வூடழுத்தக் கரைசல்கள் அனைத்தும் செல்லைச் சுருக்கிய நிலையில் வைத்திருப்பதில்லை. சவ்வு எதனைக் கடக்கவிடுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. எனவே முன்னதற்கு ‘மிகைச் சவ்வூடழுத்தக் கரைசல்’ எனவும், பின்னதற்குச் ‘செல்சுருக்கக் கரைசல்’ எனவும் வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

முடிவுரை

‘உப்புத் தண்ணி’ என்னும் வழக்கு நீரின் இயல்பையும் நிலத்தின் பட்டறிவையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. கலைச்சொல்லின் பணி அவ்வழக்கை விலக்குவதன்று. அதற்குள் பொதிந்துள்ள காரணத்தைப் பிரித்துக் காட்டுவதாகும். இயல்பிற்கும் விளைவிற்கும் தனித்தனிச் சொற்கள் அமையும்போதுதான், தன் நிலம் ஈரத்தோடு வாடுவதன் காரணத்தை உழவர் தம் மொழியிலேயே அறியவும் வினவவும் இயலும்.